முப்பத்தெட்டாவது மினுக்கல்

ஒரு சால்வையைத் தோய்த்துப் போட்டதற்காக ஒரு ஊரின் கால்பந்து ரீம் முதல் பிரிவை விட்டுக் கீழே இறங்கிப் போகுமோ, நீங்களே சொல்லுங்கோ? போகாது. அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். சவர்க்காரத்துக்கும் கோலுக்கும் என்ன தொடுப்பு, ஆரின்ர வீட்டில எந்தச் சால்வை காயுது எண்டு பந்துக்குத் தெரியுமோ, தன் ஊர் இளவாலைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள் அவள், பாம்பு கடித்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் அந்தோனியார் என்று நிற்கிறவள். எல்லாம் தெரிந்தும், சிசிலித் தீவின் போர்த்தோலூனா என்கிற துறைமுகப் பட்டினத்தில், மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், மே மாதத்துக் கடைசி ஞாயிறு பின்னேரம் மூன்று மணி ஆக ஒரு நிமிசம் இருக்கையில், ஸ்திரிக்கைப்பெட்டியைப் பிடித்திருந்த அவளுடைய கை வேர்த்து வழுக்கியது. முன்னாலே எலுமிச்சம்பழப் படம் போட்ட மேசைச்சீலை. மருந்துக்கும் ஒரு சுருக்கு இல்லை. சுருக்கில்லாத சீலையை மினுக்குகிற வீடு உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். ஓகஸ்ட் மாதம், சீசனின் முதல் மட்ச் அன்று, இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து நாலாம் நாள், தற்செயலாக அவள் இந்தச் சீலையைத்தான் மினுக்கிக்கொண்டு நின்றவள். கடைசி நிமிசத்தில் ரீம் கோல் அடித்து வென்றது. முன்னறையில் வீட்டுக்காரர் தொன் கலோஜெரோ, 'தொன்' என்றால் அங்கே 'ஐயா' மாதிரி, துறைமுகத்தில் முப்பத்தாறு வருசம் கிறேன் ஓட்டின எழுபத்தொன்பது வயது மனிசன், முழங்கால் சுகமில்லாதவர், கதிரையை விட்டு எழும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி, குசினி வாசலுக்குள்ளால் அவளை, பெட்டியை, சீலையை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஜாச்சிந்தா, அசையாதை" என்றார். அவருடைய வாயில் ஜெசிந்தா ஜாச்சிந்தாவாகத்தான் வரும். அவ்வளவுதான், அன்றையிலிருந்து மட்ச் நேரம் அவளுக்கு இடம் இது, வேலை இது, சீலை இது. அடுத்த கிழமை ஆசைப்பட்டு வாசலில் நின்று ரீவியை எட்டிப் பார்த்தாள், பத்து நிமிசத்துக்குள் இரண்டு கோல் விழுந்தது, ஆகவே பார்க்கவும் கூடாது. முப்பத்தேழு மட்ச் போயிற்று, இது முப்பத்தெட்டு, கடைசி. அந்த இரண்டைத் தவிர ஒரு சீசன் முழுக்க ஒரு கோலையும் கண்ணால் காணாமல் எல்லாக் கோலையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஆள் அவள். அறிவிப்பாளரின் குரல் ஏறுகிற ஏற்றத்திலும், தொன் கலோஜெரோவின் செருப்பு தரையில் தட்டுகிற தட்டிலும் அவளுக்குப் பந்து எங்கே போகிறதென்று விளங்கும். குசினி வாசலுக்குள்ளால் தெரிவதெல்லாம் அவருடைய பின்தலையும், கதிரைக் கையில் கிடக்கிற வலக்கையும், கழுத்தைச் சுற்றின பச்சை மஞ்சள் கோடு போட்ட கம்பளிச் சால்வையும்தான். அந்தச் சால்வைதான். ஓகஸ்டிலிருந்து தண்ணி படாத சால்வை. தண்ணி படவே கூடாத சால்வை. நேற்று அவள் தோய்த்த சால்வை.

விசில் ஊதிவிட்டது. பெட்டியை எலுமிச்சம்பழத்துக்கு மேலால் இழுத்தாள். யோசிக்காமல் விட்டால் நல்லது, ஆனால் யோசனை வாலைக் கடிக்கிற நாய் மாதிரி அந்தச் சால்வையைச் சுற்றியே வந்தது. மற்றவை வேண்டுமானால் சிரிக்கலாம், சங்கதி விளங்காதவை சிரிக்கத்தான் வேண்டும். இத்தாலியில் முதல் பிரிவுக்கு சேரியே ஆ என்று பெயர், இருபது ரீம், ஓகஸ்டில் தொடங்கி மே வரைக்கும் ஆளையாள் இரண்டு தரம் விளையாடி, கடைசியில் நிற்கிற மூன்று ரீமும் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டு ரீம் போன மாதமே இறங்கி, அழுது, கண்ணைத் துடைத்து, அலுவலைப் பார்க்கப் போய்விட்டது. கீழே போகிற மூன்றாவது இடத்துக்குத்தான் இன்றைய இழுபறி, அவர்களா நாங்களா. அவர்கள் என்றால் வடக்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றின் ரீம், மட்சும் அவர்களுடைய மைதானத்தில். எங்களுக்கு அவர்களை விட ஒரு புள்ளி கூட. சமமாக முடிந்தாலே போதும், நாங்கள் மேலே. தோற்றால் அவர்கள் மேலே, நாங்கள் கீழே. 'நாங்கள்.' எப்போதிருந்து நாங்கள்? ஒக்ரோபரிலிருந்து. ஒக்ரோபரில்தான் அவள் அந்தக் கடுதாசியைக் கொண்டுவந்து நீட்டினது. புருசன் நிமலனையும் பிள்ளையையும் இளவாலையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால், வந்தால் இருக்க இடம் இருக்கென்று வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். பின்னறை இருக்கு, முந்தி அவருடைய மகள் படுத்த அறை, சும்மா பழைய புத்தகமும் தையல் மெசினும் கிடக்கிற அறை. தொன் கலோஜெரோ கடுதாசியைக் கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் வாசித்தார். "நல்ல விசயம், வரட்டும், வீட்டில சத்தம் இருக்கும்" என்றார். என்றுவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "ஆனால் சீசன் முடியட்டும். சீசனுக்குள்ள நான் பேனை தொடுறேல்லை." உண்மைதான், தொடவில்லை, பத்து மாதமாக அவர் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, தலைமயிர் வெட்டவில்லை, புதுச் சப்பாத்துப் போடவில்லை, பேப்பரில் வருகிற குறுக்கெழுத்தைக் கூட வாயாலேதான் சொல்லி நிரப்புவார். ரீம் மேலே நின்றால் அடுத்த நிமிசம் கையெழுத்து. நிற்காவிட்டால்? "நிற்காட்டில் இந்த ஊரில ஒரு நாள் இருக்கமாட்டன், வீட்டைப் பூட்டிப்போட்டுத் தூரினோவுக்கு மகளிட்டைப் போயிடுவன்." ஒவ்வொரு வருசமும் இதைத்தான் சொல்லுறவர் என்று எதிர்வீட்டு அசுந்தா சிரித்தாள், ஆனால் இந்த வருசம் மகள் உண்மையிலேயே கட்டில் வாங்கிப் போட்டு அதைப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஜெசிந்தாவுக்குக் கிழவரில் கோபம் வரவில்லை. வர என்ன இருக்கு, ராகுகாலம் பார்த்து வீட்டுக்குள் குந்தியிருக்கிற சனத்தையும், பூசை வைத்த பிறகுதான் கடலுக்கு வள்ளம் இறக்குவன் என்று நிற்கிற மாமாவையும் கண்டு வளர்ந்தவள்தானே. அவருக்கு ஒன்றைக் கேட்கிற நேரம் இன்னொன்றைத் தொடப் பயம். அவ்வளவுதான். அவள் கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றாய்ப் போச்சு, அதுதான் வில்லங்கம். பிறகென்ன, குளிருக்குள்ளும் மழைக்குள்ளும் அவள் மினுக்கினாள். பூச்சியத்துக்கு மூன்று என்று தோற்றபோது மினுக்கினாள், பெப்ரவரியில் ஐந்து மட்ச் ஒன்றும் வெல்லாமல் கிழவர் சாப்பிடாமல் ஒறுத்து இருந்தபோது மினுக்கினாள், ஈஸ்டருக்குப் பிறகு பதினேழாம் நம்பர்க்காரன் அடிக்கத் தொடங்கி வரிசையாக மூன்று வென்றபோது பாடிக்கொண்டு மினுக்கினாள். அவளுடைய மகள் ஷெறினுக்கு வாற வருசம் ஏழு வயது. மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தது. பல்லு விழுந்து முளைத்ததைப் போனில்தான் பார்த்தாள். இல்லை, இதை இப்போது யோசிக்கக் கூடாது, இழு, பெட்டியை இழு.

நேற்று நடந்ததற்கும் அந்தப் பிள்ளைதான் காரணம். காரணமென்றால், பாவம், அவளுக்கு என்ன தெரியும். காலமை போன் எடுத்தவள் நேரே, "அம்மா, அந்த அறைச் சுவருக்கு என்ன பெயின்ற்?" என்றாள். "வெள்ளைதான் குஞ்சு, பழைய வெள்ளை." "எனக்கு ஊதா வேணும்." "ஊதாவோ? தாத்தா அடிக்க விடவேணுமே." "அவரிட்டை நான் கேக்கிறன், அம்மா, இத்தாலிப் பாசையில ஊதாவுக்கு என்ன?" ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தாள், வியோலா. ஷெறின் அங்கேயிருந்து வியோலா வியோலா என்று கத்தினாள், பின்னாலே நிமலன், "உவள் இப்பவே பெட்டி அடுக்குறாளப்பா" என்றார், சிரிப்பு, சிரிப்போடு சிரிப்பாகப் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு அவள் கதிரையில் கிடந்த உடுப்பெல்லாவற்றையும் ஒரு அணைப்பாக அள்ளித் தோய்க்கிற மெசினுக்குள் திணித்து, தூளைப் போட்டு, அமத்திவிட்டாள். ஒரு நொடி. பிறகு அந்த வட்டக் கண்ணாடிக்குள்ளே பச்சை ஒருக்கால், மஞ்சள் ஒருக்கால், வெள்ளை நுரை, திரும்பவும் பச்சை. மெசின் பூட்டினால் பூட்டினதுதான், முடியுமட்டும் திறக்காது. நாற்பத்திரண்டு நிமிசம் குளிக்கிற அறைத் தரையில் குந்தியிருந்து, ரீவியில் மட்ச் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வை ஓடுது, விழுது, எழும்பி ஓடுது. பத்து மாதத்துக் கோப்பி, முழங்காலுக்குப் பூசுகிற தைலம், நெத்தலிச் சோஸ், கோல் விழுந்த நேரமெல்லாம் கண்ணைத் துடைத்த ஈரம், வென்ற நேரமெல்லாம் கொடுத்த கொஞ்சல், எல்லாம் குழாயால் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொடியில் போடவும் ஏலாது. ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கண்ணும் எல்லா வீட்டுக் கொடியிலும்தான், தோய்த்த சால்வையைக் கண்டால் அசுந்தா மட்டுமல்ல, கீழே மீன் விற்கிற மனிசனும் ஏறி வந்து கழுத்தைத் திருகுவான். தன்னுடைய அறைக்குள் கதவைச் சாத்தி, தலைமயிர் உலர்த்துகிற மெசினைப் பிடித்துக் காயவைத்தாள். இன்றைக்குக் காலமையும் குஞ்சத்தில் ஈரம் நின்றது. ஈரம் பரவாயில்லை, மணம்தான் பிழை, பூந்தோட்டம் மாதிரி மணத்தது. ஆகவே கோப்பித்தூளைத் தூவி உதறினாள், தைலத்தைத் தொட்டுத் தேய்த்தாள், நெத்தலிப் போத்தலில் இருந்த எண்ணெயில் ஒரு சொட்டை, ஒரேயொரு சொட்டை, ஓரத்தில் விட்டாள். மோந்து பார்த்தாள். பூந்தோட்டத்துக்குள் மீன் செத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிசம் இருக்க அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கழுத்தில் சுற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு மட்சுக்கும் சுற்றினவுடனே "போவோமா பெண்ணே" என்று சொல்லுறவர், இன்றைக்கு அதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பதட்டமாக இருக்கலாம். மூக்கடைப்பாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், சவர்க்காரத்துக்கும் கோலுக்கும் என்ன தொடுப்பு.

முப்பத்தோராவது நிமிசம் குசினி யன்னலுக்குள்ளால், ஒழுங்கையின் அந்தப் பக்கத்திலிருந்து, அசுந்தா, "ஐயோ மாதாவே!" என்று குழறினாள். விசயம் என்னவென்றால் அசுந்தா வீட்டில் ரேடியோ, இந்த வீட்டு ரீவியோ இன்ரநெற்றில் வருகிறது, ரேடியோவுக்கு அரை நிமிசம் பின்னால்தான் ஓடும். கிழவருக்குக் காது மந்தம், குசினிப் பக்கத்துச் சத்தம் கேளாது. அந்த அரை நிமிசம் ஜெசிந்தா மட்டும் தனியாகத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். நின்றாள். முன்னறையில் அறிவிப்பாளர் அமைதியாகக் கதைத்துக்கொண்டிருந்தார், ரீம் இன்னும் தோற்கவில்லை, பந்து இன்னும் நடுமைதானத்தில், கிழவரின் விரல் கதிரைக் கையில் மெல்லத் தாளம் போட்டது, அந்த விரலைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இன்னும் பதினைந்து விநாடி சந்தோசமாக இருக்கட்டும். பத்து. ஐந்து. குரல் ஏறியது, உடைந்தது. விரல் நின்றது. ஒன்றுக்குப் பூச்சியம், மலைக்காரருக்கு. தோய்த்ததாலே. இல்லை, தோய்த்ததாலே இல்லை, பின்வரிசைக்காரன் வழுக்கி விழுந்ததாலே என்று ரீவி சொல்லுது. ஏன் வழுக்கி விழுந்தான்? அங்கே மழை, அதாலே. ஏன் மழை? சரி, இனி மழையையும் நான்தான் பெய்ய வைத்தனானோ! தனக்குள் அவள் சிரித்துவிட்டாள். இடைவேளைக்கு நிமலன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார், போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். "என்னப்பா, பார்த்துக்கொண்டிருக்கிறன் இஞ்சை, போனில ஒண்டுக்குப் பூச்சியம் எண்டு காட்டுது. உங்கட கோலி என்னை விட மோசம் போல கிடக்கு. பயப்பிடாதையும். இன்னும் நாற்பத்தஞ்சு நிமிசம் கிடக்கு. உம்மட மகள் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறாள், சாப்பிடமாட்டாளாம்." நிமலனும் கோலிதான், ஊர்க் கிளப்புக்குக் கோல் காக்கிறவர். பத்து வருசத்துக்கு முன்னம் ஒரு பெருநாள் மட்சில் காலுக்கிடையால் ஒரு பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க, கரையில் நின்ற ஒரு பெட்டை வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெட்டைதான் இவள். சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் சயிக்கிளில் பின்னாலேயே வந்தார் அந்த மனிசன். அவள் பதில் அனுப்பினாள், மெல்லிய குரலில்: "சால்வையைத் தோய்ச்சுப் போட்டனப்பா." பிறகு வந்தது: "ஐயோ. சொல்லிப்போட்டீரோ அவருக்கு?" பார், விஞ்ஞானம் படித்த மனிசன், மோட்டர் திருத்துகிற மனிசன், அவரும் ஐயோ என்கிறார்.

சொல்லிவிடலாமோ? இரண்டாம் பாதி முழுக்க அதுதான். பெட்டி போகும்போது சொல்லலாம், வரும்போது சொல்லக்கூடாது. சொன்னால் மனம் லேசாகும். சொன்னால் அவர் கழற்றி எறிவார், எறிந்தால் பிறகு தோற்றதுக்கு முழுக் காரணமும் அவள்தான். சொல்லாமல் தோற்றால்? அப்போதும் காரணம் அவள்தான், ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த காரணம், அதை வைத்துக்கொண்டு எங்கே போகிறது, அடுத்த வீட்டுக்கு, அடுத்த கிழவருக்கு, அங்கே பின்னறை இருக்குமோ, கையெழுத்து வைப்பாரோ, இன்னும் ஒரு சீசன், இன்னும் இரண்டு பல்லு. அறுபதாவது நிமிசம் பந்து கம்பத்தில் பட்டது, கிழவரின் செருப்பு டக்கென்று அடித்தது, கம்பத்தில் பட்டால் என்ன கருத்து, வரப்போகுது எண்டா, வராது எண்டா? எழுபது. கிழவர் இருமவில்லை. எப்போதும் எழுபதுக்கு ஒருக்கால் இருமித் தண்ணி கேட்பார், அவள் வாசலைத் தாண்டாமல் எட்டி நீட்ட வேண்டும், இடக்கையால். இன்றைக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார். இல்லை, தெரிந்தால் சும்மா இருப்பாரோ, கிறேன் ஓட்டின வாய், கப்பல் முழுக்கக் கேட்கிற வாய். எழுபத்தெட்டு. சீலையின் நடு எலுமிச்சம்பழத்தை அவள் எத்தனையோ தரம் மினுக்கிவிட்டாள், அதன் மஞ்சள் முந்தி இருந்ததை விட வெளிறிப்போயிருந்தது, ஒரு சீசனின் சூடு முழுக்க அந்த ஒரு பழத்திலேதான். அந்தோனியாரே, உமக்கும் இதுக்கும் தொடுப்பில்லைத்தான், எண்டாலும் இளவாலைக் கோயிலுக்கு நானும் பிள்ளையும் மெழுகுதிரி, சீ, வேண்டாம், இப்ப ஒரு நேர்த்தியும் வைக்கக்கூடாது, ஒன்றைக் கேட்கிற நேரம் இன்னொன்றைத் தொடக்கூடாது. பார், நானும் கிழவராகிப்போனன். எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. அப்போதுதான் கதிரைக் கையில் கிடந்த வலக்கை எழும்பிக் கழுத்துக்குப் போனது. சால்வையின் ஒரு சுற்றை எடுத்தது. ஆறுதலாக, சாப்பாட்டுக்குப் பிறகு கைதுண்டை எடுத்து மடிக்கிற மாதிரி. மட்ச் முடியமுன்னம் அவர் சால்வையைக் கழற்றினதே கிடையாது, பூச்சியத்துக்கு மூன்றிலும் கழற்றாதவர். இரண்டாவது சுற்றையும் எடுத்தார். முடிந்தது என்று அவளுக்குச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து யன்னலுக்குள்ளால் ஒழுங்கை வெடித்தது. அசுந்தாவின் ரேடியோ, அதற்கு மேலே அசுந்தா, அதற்கு மேலே கீழ்வீடு, மீன்காரன், ஆரோ சட்டியில் கரண்டியால் அடிக்கிறார்கள், கோல், கோல், கோல்! எங்களுக்கு! முன்னறையில் ஒன்றும் இல்லை. முன்னறையில் இன்னும் அரை நிமிசத்துக்கு முந்தின உலகம், அங்கே ரீம் தோற்றுக்கொண்டிருந்தது, கிழவர் சால்வையைக் கழுத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார், கோல் வருகிற நேரம் அது அவர் கழுத்தில் இருக்கப்போவதில்லை, அப்படி நடந்தால்? அடித்த கோல் அடித்ததுதானே, சால்வையால் திருப்பி எடுக்க ஏலுமோ? ஏலாது! ஏலாதென்று தெரிந்த அதே நொடியில் ஜெசிந்தா ஸ்திரிக்கைப்பெட்டியை விட்டுவிட்டு, முப்பத்தேழு மட்ச் தாண்டாத வாசலைத் தாண்டிப் பாய்ந்து, "கழட்டாதேங்கோ!" என்று கத்தினாள். தமிழில் கத்தினாள். பிறகு அவருடைய பாசையில் கத்தினாள். கையில் பாதிச் சால்வையோடு அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "சுத்துங்கோ, தொன் கலோஜெரோ, கெதியாச் சுத்துங்கோ!" ஏனென்று அவர் கேட்கவில்லை. சுற்றினார். ரீவியில் பந்து கரையிலிருந்து உயர்ந்து வந்தது, மழைக்குள்ளால், மெதுவாக, அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்தும் தெரியாத மாதிரி, நெடுவலாய் ஒருவன் எல்லாருக்கும் மேலாலே எழும்பினான், முதுகில் பதினேழு, தலையால் குத்தினான், வலை வீங்கியது. அவன் ஓடி வந்து கமராவுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தபோதுதான் அவள் அவனை முதன்முதலாகக் கண்டாள். முன்பல்லு இரண்டுக்கும் இடையில் ஒரு இடைவெளி. என்ர பிள்ளைக்கும் அப்பிடித்தானே.

கிழவர் இரண்டு கையையும் தூக்கினார், தூக்கினபடியே நிறுத்தினார். நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். வீடியோவில் பார்க்கிறார்களாம். ஓஃப்சைட்டோ என்று சந்தேகமாம். ஒழுங்கையும் அமர்ந்துபோனது, சட்டிச் சத்தம் நின்றது, ஊர் முழுக்க மூச்சை இழுத்து வைத்திருந்தது. அவள் ரீவிக்கும் கதிரைக்கும் நடுவில், நிற்கக்கூடாத இடத்திலேயே நின்றாள், பார்க்கக்கூடாததைப் பார்த்தபடி. திரும்பிக் குசினிக்குப் போவதா? போனால் அதுவும் ஒரு மாற்றம். மெல்ல ஒரு காலைத் தூக்கினாள். "ஜாச்சிந்தா, அசையாதை." அவள் காலை அந்தரத்திலேயே வைத்திருந்தாள். மூக்கில் ஏதோ ஏறியது. "தொன் கலோஜெரோ, சீலை எரியுது." "எரியட்டும்." "வீடும் எரியும்." "முதல்ல கோல்." திரையில் ஒரு கோடு கிழித்தார்கள், பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஒரு சப்பாத்து நுனி, ஒரு தோள்மூட்டு, ஒரு விரற்கடை, ஒரு சீசன் முழுக்க அந்த விரற்கடைக்குள், ஒரு ஊதாச் சுவர், ஒரு தையல் மெசினை எங்கே தள்ளி வைப்பது என்ற யோசனை, நிமலன் குளிருக்கு என்ன போடுவார் என்ற யோசனை, கருகுகிற எலுமிச்சம்பழத்தின் மணம், கால் நோகுது, வைக்கக்கூடாது, வைக்கக்கூடாது. யன்னலுக்குள்ளால் ஒழுங்கை இரண்டாம் தரம் வெடித்தது. இந்த முறை அந்த அரை நிமிசத்தை அவளால் வைத்திருக்க முடியவில்லை. காலைத் தரையில் வைத்தாள். முகத்தைக் கையால் பொத்தினாள். தோள் குலுங்கினதைக் கண்டு கிழவர் அழுகிறாளாக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தார், பிறகு அவள் கையை எடுத்தபோது அந்தச் சிரிப்பைக் கண்டார், ரீவிக்கு முன்னம் அவள் முகத்திலேயே அவருக்குக் கோல் வந்துவிட்டது.

மிச்சம் எட்டு நிமிசமும் ஒரு கிணற்றுக்குள்ளே நின்ற மாதிரி நின்றாள். பெட்டியின் வயரைப் பிடுங்க மட்டும் ஒருக்கால் ஓட விட்டார், "பின்பக்கமா நடந்து போ, பின்பக்கமா வா" என்று. கடைசி விசில் ஊதியதும் ஒழுங்கையில் சட்டி, கோர்ண், மணி, அசுந்தா ஆரையோ கட்டிப்பிடித்து அழுகிற சத்தம். போன் பொக்கற்றுக்குள் துடித்துக்கொண்டே இருந்தது, அது நிமலன், அது பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம். கிழவர் எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு நடந்து, லாச்சியைத் திறந்து, கடுதாசியை எடுத்து விரித்தார். பேனை எழுதவில்லை. பத்து மாதம் கிடந்து மை காய்ந்துபோயிற்று. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள். ஜெசிந்தா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பிள்ளைக்கு அனுப்பவென்று வாங்கி வைத்திருந்த ஊதாப் பேனையைக் கண்டெடுத்து நீட்டினாள். கலோஜெரோ என்று ஊதாவில், பெரிதாக, கிறேனால் இறக்கின மாதிரி ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார். கடுதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்குப் போனவளின் கண்ணில் சீலை பட்டது. நடு எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் கருகின ஓட்டை, பெட்டியின் கூர்மூக்கு அச்சொட்டாக. சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. திரும்பினாள். "தொன் கலோஜெரோ, சால்வை..." "தெரியும்" என்றார். "கழுத்தில சுத்தின உடனே தெரியும். முப்பது வருசமாக் கட்டுறன், என்ர மூக்கு செத்தா போச்சு?" "அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" "சொன்னால் பலிச்சிடும் எண்டு பயம்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எண்பத்தஞ்சாம் நிமிசம்தான் துணிவு விட்டுப்போச்சு. நீ கத்தாட்டில்..." அவளுக்கு அந்த ரேடியோவையும் அரை நிமிசத்தையும் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது இருக்கட்டும், அவ்வளவும் சொல்லத்தான் வேணுமோ. கிழவர் சால்வையைக் கழற்றி, மடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒரு புனிதப் பொருளைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"ஓகஸ்டில திரும்பவும் தொடங்கும், ஜாச்சிந்தா. ஒவ்வொரு மட்சுக்கும் முதல் நாள் இதைத் தோய்ச்சுத் தா, அதே தூளால, பிள்ளையோட போனில கதைச்சுக் கதைச்சு. அவள் இஞ்சை வந்தாப் பிறகும் பரவாயில்லை, அடுத்த அறையில இருந்து போன் எடுக்கச் சொல்லு. அந்த மீன் எண்ணெயை மட்டும் விட்டுடு பெண்ணே, உன்னைக் கும்பிட்டன்."